எழுபத்து நாலாவது நிமிஷம்

“பெண் குழந்தைக்குப் புட்பால் எதற்கு? அந்த உடம்பு அதையெல்லாம் தாங்குமா?”

பேத்தி பள்ளிக்கூடத்துப் புட்பால் கோஷ்டியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அநேகமாக எல்லா வீட்டுப் பாட்டிகளும் கேட்கிற கேள்வி இது. பாட்டி கேட்டால் நாம் சிரித்துக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் இதே கேள்வியைக் கொஞ்சம் நாசூக்காக அப்பாவும் கேட்கிறார். “வேண்டாம் என்று சொல்லவில்லை, உடம்பு இளைத்துப்போகிறதே என்றுதான் பார்க்கிறேன்” என்கிறார். எதிர்வீட்டு மாமி, கேட்காமலே கேட்கிறாள்: “என்னடி, வெயிலில் இப்படிக் கறுத்துப் போய்விட்டாய்?”

சகோதரிகளே, இந்தக் கேள்வியைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அதில் பாதி தப்பு, பாதி நியாயம். “உடம்பு தாங்குமா?” என்றால், தாங்கும். சந்தேகமே இல்லை. ஆனால் சும்மா தாங்காது. சோறு கேட்கும்; தூக்கம் கேட்கும்; ஓய்வு கேட்கும். அவற்றைக் கொடுக்கிற இடம் மைதானம் அல்ல, நம்முடைய வீடு. ஆகையால்தான் இந்த விஷயத்தை விளையாட்டுப் பக்கத்தில் எழுதாமல் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அப்போது யாரும் கேட்கவில்லை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலில் ஏறினால், எண்ணூரும் அத்திப்பட்டும் மீஞ்சூரும் கழிந்த பிறகு அனுப்பம்பட்டு என்று ஒரு சிறிய ஸ்டேஷன் வரும். அடுத்தது பொன்னேரி. பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே பஸ்ஸில் போனால் பழவேற்காடு ஏரிக்குப் போய்ச் சேரலாம். தமிழ்நாட்டையும் ஆந்திராவையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் உப்பு நீர்ப் பரப்பு அது. நம் தேசத்தில் ஒரிஸாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி என்பார்கள்.

அந்தப் பக்கத்து மீனவர் ஊர்களில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். படகு கரைக்கு வந்ததும் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து மீன் விற்கிறார்கள். இருளர் குலத்துப் பெண்கள் இன்னும் ஒரு படி மேல். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டுமே. பிடித்த இறாலைப் போட்டு வைக்கும் ஓலைப் பையை என்ன செய்வது? பல்லால் கடித்துக்கொள்வார்கள்! மணிக்கணக்காக இந்த வேலை. பிறகு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்ட வேண்டும்.

இந்தப் பெண்களைப் பார்த்து, “உடம்பு தாங்குமா?” என்று யாராவது கேட்டதுண்டா? தண்ணீர்க் குடம் தூக்கும்போது கேட்பதில்லை; நாற்று நடும்போது கேட்பதில்லை; செங்கல் சுமக்கும்போது கேட்பதில்லை. அதே பெண் குட்டைக் கால்சட்டை போட்டுக்கொண்டு பந்தை உதைக்கப் போனால் மட்டும் அவளுடைய உடம்பைப் பற்றி நமக்குத் திடீரென்று கவலை வந்துவிடுகிறது! விசித்திரம்தான், இல்லையா?

பத்து நிமிஷம் குறைத்தார்கள்

இந்தக் கவலை நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. வெள்ளைக்காரர்களிடமும் ஏராளமாக இருந்தது.

முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்தார்கள். சாப்பாட்டு வேளையில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். பிரஸ்டன் நகரத்தில் ‘டிக், கெர்’ என்ற தொழிற்சாலையின் பெண்கள் கோஷ்டி பிரமாதமாகப் பெயர் எடுத்தது. 1920-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். ஒரு வருஷம் ஆகவில்லை. 1921 டிசம்பரில் இங்கிலாந்து கால்பந்து சங்கத்தார், ‘இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல’ என்று சொல்லித் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டார்கள். மூடிய கதவு மறுபடி திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? 1991-ல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. ஆண்கள் ஆடினால் 90 நிமிஷம் ஆட்டம்; அங்கே பெண்களுக்கு 80 நிமிஷம் என்று வைத்தார்கள். பாவம், களைத்துப்போவார்களாம்! 1995-ல் ஸ்வீடனில் நடந்த அடுத்த உலகக் கோப்பையில் முழுசாக 90 நிமிஷம் ஆடினார்கள். யாரும் மயங்கி விழுந்து உலகம் முழுகிவிடவில்லை. இன்று வரை அந்தத் தொண்ணூறு நிமிஷம்தான்.

பத்து கிலோமீட்டர், ஆயிரத்து முந்நூறு மாற்றம்

சரி, அந்தத் தொண்ணூறு நிமிஷத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நாட்டு முதல்தரப் பெண் ஆட்டக்காரர்களைப் படம் பிடித்து, ஒவ்வொரு அடியையும் அளந்து, 2005-ல் கணக்கு வெளியிட்டார்கள். ஒரு பெண் ஓர் ஆட்டத்தில் ஓடியும் நடந்தும் கடக்கிற தூரம் சுமார் 10 கிலோமீட்டர். நம் பாட்டியின் கணக்கில் ஆறு மைலுக்கு மேல். சென்னைவாசிகளுக்குப் புரியும்படி சொன்னால், சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து கிண்டி வரையில் போவதுபோல.

“இவ்வளவுதானா? காலையில் கடற்கரையில் நடக்கிறவர்கள்கூட ஆறு மைல் நடக்கிறார்களே!” என்று தோன்றும். தூரம் பெரிதல்ல, அதைக் கடக்கிற விதம்தான் பெரிது. நடை, மெதுவான ஓட்டம், வேக ஓட்டம், நிறுத்தம், திரும்பல், தாவல் என்று ஒரே ஆட்டத்தில் 1,300 தடவைக்கு மேல் மாற்றிக்கொண்டே இருக்கிறாள். அதாவது நாலு வினாடிக்கு ஒரு தடவை! சராசரியாக அவளுடைய இருதயம் நிமிஷத்துக்கு 160-க்கு மேல் அடிக்கிறது. நீங்கள் இந்தப் பத்திரிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எழுபது எண்பதுதான் அடிக்கும்.

டவுன் பஸ் ஓட்டுகிற டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். நேரான சாலையில் ஒரே வேகத்தில் போனால் எண்ணெய் மிச்சம். ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தி, கிளப்பி, நிறுத்தி, கிளப்பிப் போனால் அதே தூரத்துக்கு எண்ணெய் கூடச் செலவு. புட்பால் ஆடுகிற பெண்ணின் உடம்பு டவுன் பஸ் மாதிரி. இறால் பிடிக்கும் பெண்ணின் களைப்பு மெதுவாக ஊறி ஊறி வருவது. இவளுடைய களைப்பு அள்ளி அள்ளிச் செலவழிப்பதால் வருவது. இரண்டும் களைப்புத்தான். ஆனால் பரிகாரம் வேறு வேறு.

எண்ணெய் என்றேனே, அது என்ன? நாம் சாப்பிடுகிற சோறு, இட்லி, கேழ்வரகுக் கூழ் எல்லாம் சர்க்கரையாக மாறித் தசைகளுக்குள் சேமிப்பாகத் தங்குகிறது. வேகமாக ஓட ஓட அந்தச் சேமிப்புக் கரைகிறது. கடைசிக் கால் மணி நேரத்தில் சில தசை நார்களில் அது அநேகமாகக் காலியாகிவிடும். ஆட்டத்தின் முதல் கால் மணியில் ஓடிய வேக ஓட்டத்தோடு ஒப்பிட்டால், கடைசிக் கால் மணியில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துபோகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஆண்களுக்கும் அப்படித்தான். களைப்பு என்பது பலவீனமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அது வரவு செலவுக் கணக்கு.

காலியான சேமிப்பை மறுபடி நிரப்ப எவ்வளவு நாள் ஆகும்? நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினால் இரண்டு நாளிலிருந்து மூன்று நாள். சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் எத்தனை நாள் ஆனாலும் நிரம்பாது.

சியாங் மாயில் நடந்தது

இந்த இரண்டு மூன்று நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, 2025-ஆம் வருஷம் நம் இந்தியப் பெண்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறுவதற்கான பந்தயம் தாய்லாந்தில் சியாங் மாய் நகரத்தில் நடந்தது. ஜூன் 23-ல் மங்கோலியாவை 13-0 என்று ஜெயித்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிரியதர்ஷினி செல்லதுரையும் அதில் கோல் போட்டார். ஜூன் 29-ல் கிழக்குத் தைமூரை 4-0. ஜூலை 2-ல் இராக்கை 5-0. அதில் தமிழ்நாட்டுக் கார்த்திகா அங்கமுத்து ஒரு கோல் போட்டார். ஜூலை 5-ல் தாய்லாந்தோடு கடைசி ஆட்டம். ஜெயித்தவர்களுக்கு மட்டும் ஆசியக் கோப்பை. தோற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

தேதிகளைக் கவனித்தீர்களா? 29, 2, 5. கடைசி மூன்று ஆட்டமும் ஏழே நாளுக்குள். நடுவில் இரண்டிரண்டு நாள்தான் ஓய்வு. தசையில் எண்ணெய் நிரம்பியும் நிரம்பாமலும் இருக்கிற சமயத்தில், சொந்த ஊரில் சொந்த ஜனங்களின் கோஷத்துக்கு நடுவே ஆடுகிற தாய்லாந்தை எதிர்க்க வேண்டும். தாய்லாந்து இரண்டு தடவை உலகக் கோப்பையில் ஆடிய கோஷ்டி.

29-வது நிமிஷத்தில் வங்காளத்துச் சங்கீதா பாஸ்ஃபோர் ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்து வந்ததும் வராததுமாகத் தாய்லாந்து ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. பிறகு இழுபறி. கால் கனக்கிற நேரம். மூச்சு வாங்குகிற நேரம். ‘யாராவது இந்த ஆட்டத்தை முடித்து வைக்க மாட்டார்களா’ என்று தோன்றுகிற நேரம். அந்த எழுபத்து நாலாவது நிமிஷத்தில் அதே சங்கீதா இன்னொரு கோல் போட்டார். இந்தியா 2, தாய்லாந்து 1. தகுதிப் பந்தயத்தில் ஜெயித்து நம் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது அதுவே முதல் தடவை.

1991-ல் பெண்களுக்குக் களைப்பு வருமென்று சொல்லிக் கழித்துவிட்டது கடைசிப் பத்து நிமிஷத்தை. அந்தப் பத்து நிமிஷத்தின் வாசலில் நின்றுகொண்டுதான் சங்கீதா கோல் போட்டார்!

வெயிலும் ஓர் எதிராளி

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதில் சொந்த அனுபவம் நிறைய உண்டு. 2018-ல் கட்டாக்கில் நடந்த தேசியப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில், பல வருஷமாகக் கோப்பையைத் தங்கள் வீட்டுச் சொத்துப்போல் வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு ஜெயித்து முதல் தடவையாகப் பட்டம் பெற்றது. 2023 ஜூன் மாதத்தில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்து இரண்டாவது தடவை பெற்றது. மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் 2019 மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. ஐந்து லீக் ஆட்டம், அரை இறுதி, இறுதி என்று ஏழு ஆட்டங்கள், மூன்று வாரம் நிறைவதற்குள்!

மே மாதத்து லூதியானா, ஜூன் மாதத்து அமிர்தசரஸ் என்றால் எப்படி இருக்கும் என்பது வடக்கே உறவினர் இருக்கிறவர்களுக்குத் தெரியும். வெயிலில் ஆடும் ஆட்டக்காரிக்கு இரண்டு எதிராளி. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தோலுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. அதே சமயம் கால் தசைகளும் ரத்தம் கேட்கின்றன. இருக்கிறதோ ஒரே இருதயம். ஒரு ஆட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்வையாகப் போய்விடும். கூடவே உப்பும் போகிறது. அதனால்தான் கடும் வெப்பத்தில் ஒவ்வொரு பாதியிலும் நடுவில் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க இடைவேளை விடும் வழக்கம் வந்திருக்கிறது. மூன்று ஆட்டக்காரர்களை மட்டும் மாற்றலாம் என்றிருந்த விதியும் தளர்ந்து, இப்போது ஐந்து பேரை மாற்றலாம்.

இந்த வெயில் வைத்தியத்தில் நம் வீட்டுச் சமையலறை மேல்நாட்டு மருந்துக்கடைக்கு இளைத்ததல்ல. உப்புப் போட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சம்பழ ரசம், இளநீர், பழைய சோற்றுத் தண்ணீர் எல்லாம் இதற்காகவே ஏற்பட்டவைபோல் இருக்கின்றன. ஆட்டத்துக்கு முன்பும் கொடுக்க வேண்டும். பின்பும் கொடுக்க வேண்டும். தாகம் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

பெண்ணுக்கு மட்டும் உள்ள மூன்று சங்கதி

இனிமேல் சொல்லப்போவது ஆண்களுடைய பயிற்சிப் புத்தகங்களில் வெகுகாலம் இடம் பெறாத விஷயம். உங்களுக்குச் சொல்வதில் எனக்குச் சங்கோசம் இல்லை. கேட்பதில் உங்களுக்கும் வேண்டாம்.

முதலாவது, இரத்தத்தில் உள்ள இரும்புச் சத்து. தசைக்குப் பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போவது ரத்தத்தில் உள்ள சிவப்புச் சத்து. அதற்கு இரும்பு வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையில் உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் 53 பேர். பாதிக்கு மேல்! இந்த நிலையில் ஒரு பெண் மைதானத்தில் சீக்கிரம் மூச்சு வாங்கி நின்றால், “உனக்குத் தெம்பு இல்லை, விட்டுவிடு” என்று சொல்வதா? முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்ப்பதா? ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். குறைவு என்றால் டாக்டர் மாத்திரை கொடுப்பார்.

வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. முருங்கைக் கீரை, கேழ்வரகு, வெல்லம், பயறு எல்லாம் நல்லதுதான். ஆனால் கீரையில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் காபி குடித்தால் எடுத்துக்கொள்ளாது! காபி இல்லாமல் நம் வீட்டில் பொழுது விடியாது என்பது எனக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மீன் சாப்பிடுகிற வீடுகளுக்கு இன்னும் சௌகரியம். பழவேற்காட்டுக் கரையில் காய்கிற நெத்திலிக் கருவாடு இருக்கிறதே, அதில் தசைக்கு வேண்டிய புரதமும், முள்ளோடு தின்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே கிடைக்கும்.

இரண்டாவது, மாதாந்திரம். 2019-ல் உலகக் கோப்பையை ஜெயித்த அமெரிக்கப் பெண்கள் கோஷ்டியில், ஒவ்வொருவருடைய மாதவிலக்கு நாட்களையும் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கேற்பத் தூக்கமும் ஆகாரமும் எப்படி இருக்க வேண்டும் என்று யோசனை சொல்லி வந்தார்கள். இங்கிலாந்துக் கோஷ்டியின் பெண்கள் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆட மனசுக்குச் சங்கடமாயிருக்கிறது என்று சொன்னார்கள். 2023-ல் அது நீல நிறமாக மாறியது. நினைத்துப் பாருங்கள்! உலகத்தில் முதல்தரமாக ஆடுகிறவர்களுக்கும், எங்கேயாவது கறை பட்டுவிடுமோ என்ற அந்தப் பயம் இருந்திருக்கிறது.

இதிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதிகமாகப் பயிற்சி செய்து, போதுமான அளவு சாப்பிடாமல் இருக்கும் பெண்ணுக்கு மாதாந்திரம் தள்ளிப்போகும். சிலருக்கு நின்றே போகும். “ஆடுகிற பெண்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடக்கூடாது. செலவுக்கு வரவு போதவில்லை என்று உடம்பு எழுதுகிற கடிதம் அது. கவனிக்காமல் விட்டால் எலும்பு வலுவிழந்து கீறல் விடும். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியது அம்மாவின் பொறுப்பு.

மூன்றாவது, முழங்கால். முழங்காலுக்குள்ளே இரண்டு எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு தசைநார் உண்டு. சட்டென்று திரும்பும்போதும், தாவிக் குதித்து இறங்கும்போதும் அது அறுந்துபோகும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இங்கிலாந்துக் காப்டன் லியா வில்லியம்சனுக்கு 2023 ஏப்ரலில் இப்படி ஆகி, அந்த வருஷத்து உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போயிற்று. ஒரு தடவை அறுந்தால் திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும்.

பயப்பட வேண்டாம்; இதற்குத் தடுப்பு உண்டு. அதற்குக் காசும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் ஆட்டக்காரர்கள் சுமார் 1,900 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாதிக் கழகங்களின் பெண்கள் பயிற்சிக்கு முன்னால் இருபது நிமிஷம் முறையான உடற்பயிற்சி செய்தார்கள்: ஒற்றைக் காலில் நிற்பது, முழங்காலை நேராக வைத்துக் குதித்து இறங்குவது, தொடைப் பின்தசைக்கு வலுவேற்றுவது. மற்றப் பாதியினர் வழக்கம்போல் ஆடினார்கள். முறையாகச் செய்தவர்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துபோயின. 2008-ல் இதன் முடிவு வெளிவந்தது. உங்கள் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் இந்த இருபது நிமிஷம் உண்டா என்று விளையாட்டு ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கடலூர்ப் பெண்கள்

இதெல்லாம் பணக்கார தேசத்துச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்து நம் கடற்கரையைச் சின்னாபின்னமாக்கிய பிறகு, கடலூரில் அந்தப் பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்தைக் கொடுத்தார். அந்த மைதானத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஆடிய பல பெண்கள் புறப்பட்டார்கள்.

கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசனைப் பாருங்கள். இந்தியக் கோஷ்டியில் நடு மைதானத்தில் ஆடியவர். நடு மைதானத்தில் நிற்பவர்தான் முன்னுக்கும் பின்னுக்குமாக எல்லாரையும்விட அதிகமாக ஓட வேண்டியவர். அதோடு தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, அவர் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். பெண் உடம்பு எதைத் தாங்கும் என்று கேட்கிறவர்களுக்கு இவரைக் காட்டலாம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒரு வேலை முடிந்து இன்னொரு வேலை, பிறகு மைதானம் என்று வாழ்கிற பெண்ணுக்கு ஓய்வு எப்போது? ஆசியாவின் பெரிய கழகங்களிலும் ஐரோப்பாவிலும் ஆடுகிறவர்களுக்கு ஆடுவதே உத்தியோகம். ஆட்டம் முடிந்தால் படுத்துத் தூங்குவதும் உத்தியோகத்தில் சேர்ந்தது. நம் பெண்களில் அநேகருக்கு ஆட்டம் முடிந்தால் பஸ் பிடிக்க வேண்டும். மறுநாள் டியூட்டிக்கோ காலேஜுக்கோ போக வேண்டும். வீட்டில் பாத்திரம் காத்திருக்கும். ஓடுவதால் வருகிற களைப்பு இரண்டு நாளில் தீரும். ஓய்வே கொடுக்காததால் வருகிற களைப்பு தீராது. பல பெண்கள் பதினெட்டு, இருபது வயதில் விளையாட்டை விட்டுவிடுவதற்கு இந்த இரண்டாவது களைப்பும் ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியது

ஆகையால், சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெண் பந்தாட ஆரம்பித்திருந்தால் ஐந்து காரியம் செய்யுங்கள்.

வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலுமாவது போகட்டும்.

பயிற்சி முடிந்து வந்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சோறும், அதோடு முட்டையோ பருப்போ மீனோ போடுங்கள். தசை அந்த நேரத்தில்தான் ஆவலோடு வாங்கிக்கொள்ளும்.

எட்டு மணி நேரம் தூங்க விடுங்கள். பரீட்சைக்காகப் பன்னிரண்டு மணி வரையில் விழித்திருக்கிற நாளில் காலைப் பயிற்சிக்கு லீவு கேளுங்கள். லீவு கேட்பது அவமானம் அல்ல.

வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

“களைப்பாயிருக்கிறது” என்று அவள் சொன்னால் நம்புங்கள். சொல்லாவிட்டாலும் கேளுங்கள். மூன்று நாள் ஆகியும் களைப்புப் போகவில்லை, எரிச்சல் வருகிறது, தூக்கம் வரவில்லை என்றால் சில நாள் ஆட்டத்தை நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைப்பது வேறு. விட்டுவிடச் சொல்வது வேறு.

கடைசியாக ஒரு சின்ன சமாசாரம். வீட்டில் அண்ணனும் தங்கையும் இரண்டு பேருமே ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் இரண்டு பேரும் ஒரே மைதானத்திலிருந்து வருகிறார்கள். அண்ணன் கையில் தட்டு வருகிறது. தங்கை கையில் துடைப்பம் வருகிறது. அண்ணன் தட்டில் இரண்டு முட்டை. அவள் தட்டில் ஒன்றோ, அதுவும் இல்லையோ. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, பழக்கம்தான். இன்றைக்கு ராத்திரி பரிமாறும்போது இரண்டு தட்டையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓடியவள் அவளும்தான்.